வேட்டை நாய்க்கு ஒரு நாள் வெள்ளோட்டம்

எதிர்வீட்டு நாய்க்குக் கவுன் தைத்துக் கொடுத்த அன்றுதான் தையல்காரர் அந்தச் சபதத்தை எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாய். அதற்கு இடுப்பில் சுருக்கு, கழுத்தில் லேஸ். அளவெடுக்கும்போது அவர் கட்டைவிரலைக் கடித்தும் வைத்தது. நம் வீட்டுக்கு என்று ஒரு நாய் வந்தால் அது வேட்டை நாய்தான், அதுவரை கத்தரிக்கோலைத் தொடமாட்டேன் என்றார். மறுநாள் காலையே தொட்டுவிட்டார். பிழைப்பு இருக்கிறதே.

அவர் மனைவி ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் உள்ளவன் தூங்குவதற்கும் இல்லாதவன் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரிந்தவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவியவர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று தையல்காரருக்கு நினைப்பு. டாக்டர் சர்க்கரையைத் தொடக்கூடாது என்று சொன்னதிலிருந்து வீட்டில் இனிப்பு வாடையே கிடையாது. ஆனால் அவள் வேலைக்குக் கிளம்பியதும் முன்னறைத் தையல் கடையில் க்ரீம் பிஸ்கட்டுக்குப் பஞ்சமில்லை. பித்தான் டப்பாவில் கொஞ்சம், லைனிங் துணிச் சுருளுக்குள் கொஞ்சம், யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத கோட்டின் உள்பையில் ஒரு முழுப் பாக்கெட்.

"வேட்டை நாய் எதுக்குங்க? நம்ம வீட்டுல வேட்டையாட என்ன இருக்கு?"

"காவலுக்குத்தான்."

"எதிர்வீட்டு நாயே தெருவுக்கும் சேர்த்துக் குரைக்குதே."

"அது குரைக்குதா, தும்முதான்னே தெரியல. இது இனமே வேற. இதோட மூக்கு இருக்கே..."

"மூக்குக்கு என்ன?"

"எதை எங்க ஒளிச்சு வச்சாலும் நேரா அங்க போய் நிக்கும். பூட்டி வச்சாலும் தப்பாது."

மாதக்கணக்காக 'வேண்டாம்' என்ற ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஒளிச்சாலுமா?"

"எங்க ஒளிச்சாலும்."

"அப்ப சரி. கொண்டுவரச் சொல்லுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தையல்காரரோ வாயெல்லாம் பல்லாக, குட்டி விற்கும் நாய்க்காரருக்கு போன் போட்டார்.

நாய்க்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேட்டை இனக் குட்டியை எடுத்த எடுப்பில் யாருக்கும் கொடுத்துவிட மாட்டார். ஒரு நாள் வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்பார். ஒருவர் மாட்டேன் என்றாலும் குட்டி திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி வந்தது. காது இரண்டும் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தன. மிஷினடியில் புகுந்து, தையல்காரரின் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அவருக்கு மனசு அப்படியே இளகிவிட்டது. காலை அசைத்தால் எழுந்துவிடுமே என்று, பாதி தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அது எழுந்தது. மூக்கைத் தூக்கியது. நேராகப் பித்தான் டப்பாவுக்குப் போய் வாலை ஆட்டியது.

தையல்காரர் பாய்ந்து எழுந்தார். டப்பாவை அலமாரி உச்சியில் வைத்தார். அலமாரியைப் பிறாண்டியது. இரண்டு பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அவர் மேலேயே ஏறியது.

"குட்டிக்கு உங்க மேல ரொம்பப் பாசம்போல," என்றாள் மனைவி, துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனவள்.

"ஆமா, பார்த்ததுமே ஒட்டிக்கிச்சு."

அடுத்து அது கோட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஊளையிட ஆரம்பித்தது.

"அந்தக் கோட்டுல என்னங்க?"

"என்ன இருக்கும்? சொந்தக்காரன் வாசனையா இருக்கும்."

"பாவம், அந்த மனுஷனைத் தேடுது," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போலத்தான். குட்டியைத் திட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. இந்த மூக்கு வீட்டில் இருந்தால் இனி ஒரு பிஸ்கட்கூட மிஞ்சாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறோமே என்று நொந்தபடி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மனுஷன் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார்.

சாயங்காலம் நாய்க்காரர் வந்தார்.

"என்ன சார், பிடிச்சிருக்கா?"

"பிடிச்சுதான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுக்கு ஒத்துவராதுங்க. இது ஓடுற ஜாதி. கூட ஓட ஆள் வேணும். நான் உட்கார்ந்தே பிழைக்கிறவன். என்னால ஓட முடியாது."

நாய்க்காரர், வழக்கத்தை விடாமல், சமையலறைக்குப் போய் மனைவியையும் கேட்டார். அங்கே கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. வெளியே வந்தவர் குட்டியைத் தூக்கிக்கொண்டார். அது அவர் தோளுக்கு மேலாகத் தையல்காரரையே பார்த்துக்கொண்டு போனது. எதிர்வீட்டு நாய் கவுனோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

ஆறுதலுக்கு ஒரு பிஸ்கட் தின்னலாம் என்று டப்பாவைத் திறந்தார். பித்தான்தான் இருந்தது. துணிச் சுருளில் துணி இருந்தது. கோட்டுப் பையில் கை நுழைந்து வெறுங்கையாகவே திரும்பியது.

"தேடாதீங்க," என்றாள் மனைவி, வாசற்படியில் நின்று. "மத்தியானம் நீங்க தூங்கினப்ப குட்டியும் நானும் ஒரு சுத்து வந்தோம். அது எங்க நின்னுச்சோ அங்கெல்லாம் எடுத்துட்டேன்."

அவர் டப்பாவை மெதுவாக மூடினார்.

"டாக்டர் சொன்னதை நான் விளையாட்டுக்கா சொல்லிட்டிருக்கேன்? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. தையல்காரருக்கு வெட்கமாகிவிட்டது. இனி இனிப்புப் பக்கமே போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. ஒளித்து வைக்கத்தான் இனி ஒன்றும் இல்லையே. பிறகு எதற்காகக் குட்டியை அனுப்பினோம்?

கழுத்தில் டேப்போடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, தையல்காரர் தெருவில் இறங்கி ஓடினார். கல்யாணத்துக்கப்புறம் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தெருமுனையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. நாய்க்காரர் அதில் சாய்ந்து, குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குட்டியைக் குடுங்க," என்றார் தையல்காரர், மூச்சு வாங்க.

"இந்தாங்க சார், பிடிங்க. ஓட முடியாதுன்னு நீங்க சொன்னதை வீட்டம்மாகிட்ட சொன்னேன். 'நீங்க தெருமுனையில நில்லுங்க, எப்படி ஓடி வர்றார்னு பாருங்க'ன்னாங்க. நாளையிலிருந்து காலையில ஆறு மணிக்குக் குட்டியோட ஓட்டமாம்."