முட்டி வலி வாக்குமூலம்

மனிதன் மனசுக்குள் இருப்பது வெளியே தெரியாது என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. இது பிழை. எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பிழையின் தயவில்தான் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதால், இதைத் திருத்துவதில் சிறு சங்கடம் உண்டு. ஆனாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் சடையப்பனின் மனசுக்குள் இருப்பது வெளியே கேட்கும். சமையலறை வரைக்கும் கேட்கும்.

காரணம், அவருடைய இதயத்தில் பொருத்தியிருக்கும் செயற்கை வால்வு. சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆபரேஷன் நடந்தது. ஊரில் மற்றவர்களின் இதயம் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். சடையப்பனின் இதயம் அன்றிலிருந்து டிக், டிக் என்று சுவர்க்கடிகாரம் போல ஓடியது. "போகப் போகப் பழகிடும்" என்றார் டாக்டர். பழகியது. அவருக்கல்ல, அவர் மனைவி ஜோதிலட்சுமிக்கு. பொய் சொன்னால் எவருக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கும் என்பதும், சடையப்பனுக்கு அடித்தால் அது எண்ணிப் பார்க்கும்படி கேட்கும் என்பதும் அந்த அம்மாளுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது.

"பால் வாங்கப் போனவுங்க எங்க போய் நின்னீங்க?"

"எங்கயும் நிக்கல."

டிக்டிக்டிக்டிக்.

"டீக்கடையா?"

"ஆமா."

இப்படி ஒரு வீட்டில் ஒரு மனிதன் எதை மறைத்து வாழ்வது? ஆனாலும் சடையப்பன் ஒன்றை மறைத்து வைத்திருந்தார். அதன் பெயர் சிதம்பரம்.

வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். உறைவது குறைந்தால் ரத்தம் கசியும். கூடினால் வால்வில் கட்டி சேரும். அந்த அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீரை சாப்பிட்டால் மாத்திரையின் வேலை கெடும் என்பதால் ஜோதிலட்சுமி வீட்டுக்குள் கீரையே நுழையவிடவில்லை. சடையப்பனுக்கோ முருங்கைக்கீரை என்றால் உயிர். அந்த உயிரைக் காப்பாற்றத்தான் கீரையை நிறுத்தினார்கள் என்பதை நினைத்து அவர் பலமுறை கண்கலங்கியிருக்கிறார்.

கடலூரில் பரிசோதனைக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாதம் ஒருமுறை சிதம்பரத்துக்கே போய்த்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அவர் சாதித்துவிட்டார். "ஆபரேஷன் பண்ண டாக்டர் கண்ணுல நான் படணும் ஜோதி." காலையில் ரத்தம் கொடுத்தால் முடிவு சாயங்காலம்தான் வரும். நடுவில் இருக்கும் பகல் முழுக்கச் சடையப்பனுடையது. மேல வீதியில் லூர்துசாமி நடத்தும் மெஸ்ஸில் வியாழக்கிழமைதோறும் முருங்கைக்கீரைப் பொரியல். தேங்காய்த்துருவல் தூவி, இலையின் பாதியை அடைத்துக்கொண்டு வரும். ரத்தத்தைக் கொடுத்துவிட்டல்லவா கீரையைத் தின்கிறார்? அடுத்த மாதச் சோதனைக்குள் தடயம் கரைந்துவிடும். குற்றவியல் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வேலையைப் பலர் செய்ததில்லை.

இந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற நாட்களை வாழ்ந்துகொண்டிருந்தார்.

வினை சென்னையிலிருந்து வந்தது. மகள் சுவாதி போனில் அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாள். வீட்டிலேயே வைத்துச் சோதிக்கும் மிஷின் வந்திருக்கிறதாம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், உடனே அளவு தெரிந்துவிடும். வாராவாரம் பார்க்கலாம். தன் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா அம்மாவும் இருப்பதால், ஒப்புதல் கிடைத்தால் அவர்களே வாங்கித் தருவார்கள்.

வாராவாரம். சடையப்பனின் இலையிலிருந்து யாரோ கீரையை வழித்து எடுப்பது போலிருந்தது.

"எதுக்கு ஜோதி மிஷினெல்லாம்? மாசாமாசம் நான்தான் போய்ப் பாத்துட்டு வரேனே."

"ஒரு மாசத்துல என்னென்னமோ ஆவும். போன தடவ அளவு கொறஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? எனக்குத் தூக்கமே இல்ல. படுத்துக்கினு அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு இருக்கேன். ஒரு நாளைக்கு அது நின்னா நான் என்னா பண்றது?"

ஜோதிலட்சுமி சொன்னது நியாயம்தான். ஆனால் கீரைக்குப் பதிலாக எதுவும் இல்லை. அவர் ஒரு முடிவுக்கு வந்தார். விண்ணப்பத்தைத் தானே எழுதுவதாகப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். 'இந்தக் கருவி எதற்குத் தேவை?' என்ற கேள்விக்கு, 'சௌகரியத்துக்காக' என்று மணிமணியாக எழுதினார். இன்சூரன்ஸ்காரர்கள் உலகத்தில் எதை மன்னித்தாலும் சௌகரியத்தை மன்னிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மன்னிக்கவில்லை. சௌகரியப் பொருட்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

"ஐயோ, இப்பிடிச் சொல்லிட்டாங்களே!" என்றார் சடையப்பன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

டிக்டிக்டிக்டிக்டிக்.

ஜோதிலட்சுமி அவரை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போய் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குத் தானே போன் போட்டாள். யாரோ ஸ்ரீமதி என்ற பெண் பேசினாள். அந்தப் பெண் நல்லவள். நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சோதனைக்கூடம் வரை பயணம் செய்ய முடியாத நோயாளிக்கு மட்டும்தான் இந்த மிஷின். வீட்டில் ஒருவர் அதைக் கையாளப் பயிற்சி எடுக்க வேண்டும். முக்கியமாக, பயணம் செய்ய முடியாது என்பதை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும், பதிவாகும் போனில்.

"ஒரு வார்த்த சொல்லுங்க. முட்டி வலி, பஸ்ல போவ முடியலன்னு."

சடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவருக்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யில்லீங்களே. நீங்களே எத்தினி தடவ சொல்லியிருக்கீங்க."

"அது வேற. ஒரு நிறுவனத்துக்கிட்ட, பதிவாவுற போன்ல, நான் பொய் சொல்ல மாட்டேன். என் கால் நல்லா இருக்கு. தேவனாம்பட்டினம் வரைக்கும் நடந்து போய் மீன் வாங்கிட்டு வருவேன். உண்மைதான் பேசுவேன் ஜோதி. தல போனாலும்."

டிக். டிக். டிக். சீராக, அழகாக, மனசாட்சியோடு ஓடியது. ஜோதிலட்சுமி ஒப்புக்கொண்டாள். "சரி. உண்மையே பேசுங்க" என்று காய் நறுக்கப் போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக ஒரு மனைவி விட்டுக்கொடுத்தால் கணவன் எச்சரிக்கையாக வேண்டும். சடையப்பன் பேப்பர் படித்தார்.

மறுநாள் காலை அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் எதிரில் மேஜைமேல் வைத்தாள். "தம்பி பேசுறான்."

தம்பி இளவரசு, மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் அவருடைய மச்சான்.

"மாமா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மச்சான்."

"பெரியவனுக்கு ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம் மாமா. விருத்தாசலம் பக்கம். வேன் சொல்லியாச்சு. பெரியவுங்களா நீங்கதான் முன்னால ஒக்காந்து பேசணும்."

சடையப்பன் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். முன்பொரு தரம் இதே குடும்பத்து வேனில், சொந்தத்தில் வேறொரு பையனுக்காக, பெரியவராகப் போயிருந்தார். பெண்ணின் தகப்பனார் தங்கள் குலதெய்வக் கோயிலின் வயதைச் சொல்ல, அது தவறு என்று சடையப்பன் ஆதாரங்களோடு விளக்கினார். கேசரி ஆறுவதற்குள் சம்பந்தம் முறிந்தது. திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை. டிக் டிக் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் அவருக்கு முட்டி வலிக்கும்.

"எங்க மச்சான் வரது? முட்டி! முட்டி போயிடுச்சு."

"ஏசி வேன் மாமா."

"வேன் ஓரமா நின்னாப் போதுமா? ஏறணுமே. வாசப்படி ஏறவே உங்க அக்கா கையப் புடிக்க வேண்டியிருக்கு."

"வாசல்லயே கொண்டாந்து நிறுத்தி, தூக்கி வெச்சிடறோம்."

"வெச்சிடுவ. குலுங்குமே! நெஞ்சுல வால்வு வெச்சவன் நான். நெல்லிக்குப்பம் தாண்டறதுக்குள்ள பொண்ணு பாக்கற வேன் வேற எதுக்காவது மாறிப்புடும். பரவால்லியா?"

"என்னா மாமா இப்பிடிப் பேசறீங்க? சிதம்பரத்துக்கு மட்டும் மாசாமாசம் போறீங்களாமே. அக்கா சொல்லுச்சு."

சடையப்பன் பொய்யில் தேர்ந்தவர் இல்லை. ஆனால் ஆபத்து வந்தால் சாதாரண மனிதனும் கலைஞனாகிறான்.

"அந்தக் கொடுமைய ஏன் கேக்கற! உசுரக் கையில புடிச்சிக்கினு போறேன் மச்சான். புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள கண்ணு இருட்டுது. ஆஸ்பத்திரி வாசல்ல என்னை ரெண்டு பேரு எறக்கி விடறாங்க. இன்னொரு தரம் சிதம்பரம் போனேன்னு வெச்சிக்க, திரும்பி வருவேன்னு சொல்ல முடியாது. இது சத்தியம்."

கண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். தன் பேச்சில் தனக்கே இரக்கம் பிறந்திருந்தது.

அப்போது போனிலிருந்து வேறொரு குரல் மென்மையாகக் கேட்டது.

"வணக்கம் சார். நான் ஸ்ரீமதி, இன்சூரன்ஸ்லேர்ந்து. மேடம் என்னையும் லைன்ல சேத்திருந்தாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு சார். நீங்க சொன்னது பதிவாயிருக்கு. சோதனைக்காகப் பயணம் பண்ண உங்களால முடியாதுன்னு உறுதிப்படுத்தணும். ஆமா, இல்ல, ஏதாவது ஒண்ணு சொன்னாப் போதும்."

சடையப்பன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

'இல்ல' என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, இன்னும் லைனில் இருந்த இளவரசு ஆவலோடு கேட்டான்:

"என்னா மாமா, அப்போ வர முடியுமா?"

ஒரு பக்கம் முருங்கைக்கீரை. மறுபக்கம் விருத்தாசலம், ஏசி வேன், இருபது சொந்தக்காரர்கள், புதிதாக ஒரு பெண்ணின் தகப்பனார்.

"சார்? பின்னால ஏதோ கடிகாரம் ஓடுதே?"

"அது அவரு நெஞ்சும்மா" என்றாள் ஜோதிலட்சுமி.

"ரொம்ப வேகமா இருக்கே மேடம்!"

"வலி ஜாஸ்தி. பாவம்."

"ஆமா" என்றார் சடையப்பன். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அந்தச் சொல் வந்தது. "முடியாது."

"ரொம்ப நன்றி சார். உடம்பப் பாத்துக்குங்க."

"பாத்து மாமா. ரெஸ்ட் எடுங்க" என்றான் இளவரசு. அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்ததாகச் சடையப்பனுக்குத் தோன்றியது.

ஒப்புதல் ஒரே வாரத்தில் வந்தது. மிஷினும் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். ஜோதிலட்சுமி பயிற்சி எடுத்தாள். ஊசி குத்துவதில் அவளுக்கு இப்படி ஒரு கை இருந்தது இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் போயிற்று. திங்கட்கிழமைதோறும் அவர் விரலை நீட்டினார். அளவு பிசகாமல் நின்றது. அவள் நன்றாகத் தூங்கினாள். அவர் விழித்துக் கிடந்தார்.

மாதக் கடைசியில் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. "மிஷின் என்னா இருந்தாலும் டாக்டர் ஒரு தடவ பாக்கணும் இல்ல ஜோதி?"

"ஆமா, கேட்டுட்டேன். மாசத்துக்கு ஒருக்கா அளவெல்லாம் கொண்டாந்து காட்டி, மாத்திரை எழுதி வாங்கிட்டுப் போவச் சொன்னாரு."

சடையப்பன் எழுந்துவிட்டார். "வியாழக்கிழமை போலாமா?"

"போறேன். பேஷண்டால வர முடியாதுன்னு எழுத்திலயே இருக்காம். பாத்துக்கறவுங்க மட்டும் வந்தாப் போதுமாம்." புடவையை மடித்தபடி கேட்டாள்: "ஏங்க, அங்க மத்தியானச் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கீழ வீதியா?"

டிக். டிக்.

"தெக்கு வீதியா?"

டிக். டிக்.

"மேல வீதி?"

டிக்டிக்டிக்டிக்டிக்.

"சரி" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஜோதிலட்சுமி பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். அன்று மத்தியானம் சடையப்பன் முதன்முதலாக ரசம் வைத்தார். உப்பு போட மறந்துவிட்டார்.