சிங்காரத்தின் குளமும் கொக்கின் அக்கறையும்

கரண்டும் வந்து, பின்னாலேயே பில்லும் வந்துவிட்ட ஒரு காட்டில் சிங்காரம் என்றொரு கரடி இருந்தது. கரடி மீன் வளர்க்குமா என்று குறுக்கே கேட்காதீர்கள். சிங்காரத்துக்குத் தேன் போதும். மீன் வாடையே ஆகாது. கொல்லைப்புறத்தில் குளம் வெட்டி, ஆறு தங்கமீன்களை விட்டு, பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்தது.

ஒரே மாதத்தில் தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மீன்கள் ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"மூச்சு முட்டுதுண்ணே, சீக்கிரம் ஏதாவது செய்யுங்க" என்றது மூத்த மீன் மரகதம்.

சிங்காரத்துக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டாரும் ஃபில்டரும் வைத்தால்தான் பிள்ளைகள் பிழைக்கும். ஆனால் கையில் இருப்பதற்கு எதை வாங்குவது? அப்போது மதில்மேல் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு தவசி தொண்டையைச் செருமியது. தண்ணீர் விஷயத்தில் தவசிக்கு மிஞ்சிய ஆள் அந்தக் காட்டில் கிடையாது.

"கடைக்கு நானும் வர்றேன். இல்லேன்னா உன் தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க."

கடைக்காரக் குரங்கு, "குளம் எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்று கேட்டது.

"தெரியலீங்க. நான் இறங்கினா முக்கால்வாசி வெளிய போயிடும்" என்றது சிங்காரம்.

குரங்கு இருப்பதிலேயே மலிவான மோட்டாரை எடுத்து வைத்தது. கொக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது குமிழி விடத்தான் ஆகும். ஒரு மணி நேரத்துக்குள்ள மொத்தத் தண்ணியும் பஞ்சு வழியா ஒரு சுத்து வரணும். அந்த நடுத்தர மோட்டாரையும் பெட்டி ஃபில்டரையும் எடு. கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும். தண்ணி கண்ணாடியாட்டம் ஆகணும்! அடியில நீந்துற மீனோட செதிலை மதில்ல நின்னே எண்ணணும்!"

சிங்காரத்தின் கையிருப்பு போதவில்லை. குறைந்ததைக் கொக்கே கைக்காசு போட்டுக் கட்டியது. கொக்குக்குக் கை ஏது என்பது வேறு விஷயம். "கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டது. ஃபில்டர் பஞ்சைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் பிரிக்கவில்லை. புதுப் பொருளை வாங்கிய கையோடு கவரைப் பிரிக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. டிவி ரிமோட்டும் சோபாவும் இன்னும் கவருக்குள்தான் இருந்தன.

ஆகவே தண்ணீர் பஞ்சைத் தொடாமல் கவரைத் தடவிக்கொண்டே ஓடி, குழாய் வழியாகச் சளசளவென்று மறுபடி குளத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் காற்றும் கலந்தது. மீன்களுக்கு மூச்சு வந்தது, துள்ளிக் குதித்தன. தண்ணீர் மட்டும் பச்சையாகவே இருந்தது.

கொக்கு தினமும் வந்து மதிலில் நின்று எட்டிப் பார்த்தது. ஒரு செதில்கூடத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் பாதியாக இளைத்துவிட்டது. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் தானே இறங்கி ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்து அலறியது.

"அட மக்குக் கரடி! கவரைப் பிரிக்கவே இல்லையா?"

"என்ன அவசரம் கொக்கண்ணே? அஞ்சு வருஷ வாரண்டி முடியட்டும், பிரிச்சிடலாம்."

"அதுவரைக்கும் நான் எதைத் திங்கிறது?"

சொன்ன பிறகுதான் கொக்கு அலகை மூடியது. சிங்காரத்துக்கோ மனம் உருகிவிட்டது. ஐயோ பாவம், நம் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்பட்டே பட்டினி கிடக்கிறதே! தயிர்சாதம் பிசைய உள்ளே ஓடியது.

குளத்தின் அடியிலிருந்து மரகதம் கத்தியது: "அண்ணே! வரும்போது அப்படியே பஞ்சு மேல சுத்த இன்னொரு கவரும் எடுத்துட்டு வாங்க!"

நீதி: நிபுணர் சொல்லும் பொருளையே வாங்குங்கள், அதை வேலை செய்ய மட்டும் விட்டுவிடாதீர்கள்.