முன்னறையில் மாட்டிய சிவப்பு விளக்கு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன்.

இசை மண்டபத்தில் நாற்காலி போடுவது என் வேலை. எங்கள் குழுவில் முப்பது பேர்தான். ஆனால் அவர்களுக்கு வந்த ஆசை பெரியது. அந்தக் காலத்து சிம்பொனி ஒன்று. காதல், கண்ணீர், புயல், இடி, எல்லாம் அதில் உண்டு. நூறு பேர் வாசிக்க வேண்டியதை முப்பது பேரே வாசித்துப் பதிவு செய்வது என்று இறங்கிவிட்டார்கள். இடிக்கு ஒரே ஆள். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் டபுள் பாஸ். அதில் இடி வாசிக்கிற அந்த ஒரே ஆள், என் மனைவியின் தம்பி. அதன் அடியில் தரையில் ஊன்ற ஓர் இரும்புக் கூர் இருக்கும். "ரப்பர் மூடியை மாட்டுப்பா, தரை கீறும்" என்று தினமும் அவனை விரட்டுவது நான்தான்.

அவன் வீட்டிலும் வாசித்துப் பழகிய இடி தாங்காமல் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இங்கே வந்து தங்கட்டும், நம் முன்னறை சும்மாதானே கிடக்கிறது என்றாள் மனைவி. எங்கே சும்மா கிடக்கிறது? அங்கே என் சாய்வு நாற்காலி இருக்கிறது. சாப்பிட்டதும் அதில் சாய்ந்து கண்ணை மூடி உலகத்தைப் பற்றி யோசிப்பேன். அந்த யோசனைக்குக் குறட்டை என்று பெயர் வைத்தவள் அவள்.

பல் தேய்த்தால் தம்பி பேச்சு. செருப்பு மாட்டினால் தம்பி பேச்சு. நேருக்கு நேர் வாதாடி அவளை ஜெயித்ததாக என் சரித்திரத்திலேயே இல்லை.

மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதிவு நடக்கும்போது சிவப்பு விளக்கு எரியும். அப்போது மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும். முடிந்ததும் பதிவை எல்லோரும் கேட்டு, இது போதுமா, மறுபடி வாசிக்கலாமா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விளக்கு எரியும்போது சத்தம் போட்டவருக்கு மட்டும் அங்கே வாய் கிடையாது. புல்லாங்குழல் அம்மா ஒரு தும்மல் போட்டுவிட்டு மத்தியானம் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

அன்றைக்கே முன்னறையில் ஒரு சிவப்பு பல்பை மாட்டினேன்.

"இது எரியும்போது யார் சத்தம் போட்டாலும், உன் தம்பி விஷயத்துல அவங்களுக்கு வாய் கிடையாது. மண்டபத்து வழக்கம்."

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் உடனே சரி என்றாள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விளக்கைப் போட்டேன். அவள் மடித்து வைத்த வெள்ளைப் போர்வையை எடுத்து நிதானமாகச் செருப்பைத் துடைத்தேன். "ஏங்க, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அவள் கத்தல் வந்துவிட்டது. தம்பி விஷயத்தில் அவளுக்கு இனி வாய் இல்லை. அன்று நான் போட்ட தூக்கம் இருக்கிறதே, அது ராஜ தூக்கம்.

மறுநாள் சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. சாய்ந்து, அசந்து, கண் விழித்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. கதவு திறக்கிறது. டபுள் பாஸைக் கட்டிப்பிடித்தபடி மச்சான் பின்பக்கமாக நடந்து வருகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கா சட்டம் தெரியாது?

அவனுக்கு எதிரே, வாசலில், மனைவி கையில் கரண்டியோடு நின்றாள். எங்கள் மண்டபத்தில் குச்சியை ஆட்டுகிறவரையும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் தோற்றார், போங்கள். கரண்டி இடது பக்கம் போனது, பாஸும் இடது பக்கம் வந்தது. கரண்டி நின்றது, பாஸும் நின்றது. கரண்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

இரும்புக் கூர் என் கால் கட்டைவிரலில் இறங்கியது.

நான் போட்ட சத்தம் அந்த சிம்பொனியின் புயலில்கூடக் கிடையாது.

அவள் விளக்கை அணைத்தாள். "சத்தம் போட்டது யாருங்க?"

நான் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன்.

"எனக்கும் வாய் இல்ல, உங்களுக்கும் வாய் இல்ல. மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான். நீயே சொல்லு தம்பி, முன்னறை யாருக்கு?"

மச்சான் நல்ல பிள்ளை. என்னைப் பாவமாகப் பார்த்தான். "மாமாவுக்கு இடைஞ்சல் இல்லைன்னா..."

"மாமாவுக்குத்தான் வாயே இல்லையே" என்றாள். என் நாற்காலியை அவளே இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் போட்டாள்.

பிறகு தம்பியிடம் வந்து, இவ்வளவு நேரம் மூடியே வைத்திருந்த இடது கையை விரித்தாள். உள்ளங்கையில் ரப்பர் மூடி.

"இந்தா, இப்ப மாட்டிக்கோ. தரை கீறிடும்."