நெத்திலிக்குக் கிடைத்த அனுமதி

உணவுக்கூடத்தில் ஒழுங்கும் நறுமணமும் நிலவ வேண்டும் என்பதற்காக எங்கள் கம்பெனியில் ஒரு குழு இருக்கிறது. அதன் செயலாளர் திருப்புலிவனம் வேதகிரி, அதாவது நான். கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி, முதலாளிகள் கொரியாக்காரர்கள். ரப்பர் வேகும் வாடை பக்கத்து ஊர் வரைக்கும் அடிக்கும். ஆனால் அது எங்கள் குழுவின் அதிகார வரம்புக்குள் வராது.

வரம்புக்குள் வந்தது அங்கம்மாளின் தூக்குச்சட்டி. அங்கம்மாள் எங்கள் கம்பெனியைக் கூட்டித் துடைக்கிறவர். மத்தியானத்துக்குப் பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் கொண்டு வருவார். ‘மேற்படி உணவின் மணம் சக ஊழியர்களின் மனநிலையைப் பாதிப்பதாலும், நிறுவனத்தின் சர்வதேசத் தரத்துக்கு ஊறு விளைவிப்பதாலும், கருவாடு கொண்டு வருவோர் உணவுக்கூடத்தில் அமரலாகாது’ என்று சுற்றறிக்கை எழுதியது நான்தான். நல்ல தமிழ் என்று மேனேஜர் பாராட்டினார். அன்றிலிருந்து அங்கம்மாள் பைக் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அது சித்திரை மாதம். எங்கள் வீட்டிலும் ஞாயிறு தவறாமல் கருவாடுதான். ஞாயிறு விடுமுறை என்பதால் சுற்றறிக்கை அன்று செல்லாது.

இந்த நிலையில் கொரியாவிலிருந்து பெரிய அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றிச் செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நானே தீர்மானம் கொண்டுவந்து நானே வழிமொழிந்தேன். அவர்கள் இரண்டு குச்சியால்தான் எடுத்துச் சாப்பிடுவார்களாம். ஒரு வாரம் ஈர்க்குச்சி இரண்டை வைத்து வேர்க்கடலை பொறுக்கிப் பழகினேன். கூட வேலை செய்யும் மாகறல் பெஞ்சமினையும் காவாந்தண்டலம் வினோத்தையும் கூட்டிக்கொண்டு, ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு கொரியக் கடைக்கு ஞாயிறு மத்தியானம் போனேன். இதை விருந்து என்று யாரும் நினைக்கக் கூடாது. கள ஆய்வு.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார்கள். எங்கள் மூன்று பேர் வீட்டிலும் டைனிங் டேபிள் வாங்கியதே தரையில் உட்காருவது நாகரிகம் இல்லை என்றுதான். இங்கே உட்கார்ந்ததும் நாகரிகமாக இருந்தது. வினோத் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான்.

கேட்காமலேயே சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஏழெட்டு வகை வந்தன. இதற்குத் தனிக் காசு கிடையாது, தீரத் தீரக் கேளுங்கள் என்று பரிமாறிய பெண் சொன்னாள். ஒரு கிண்ணத்தில் பளபளப்பாக, மேலே எள் தூவி, என்னவோ இருந்தது. நான் குச்சியால் பிடிக்கப் போக, அது வினோத்தின் சட்டைப் பைக்குள் விழுந்தது. பெஞ்சமின் கையாலேயே எடுத்து மோந்து பார்த்தான்.

“டேய், அங்கம்மா தூக்குச்சட்டி எப்டிடா இங்க வந்துச்சு?”

“சும்மா இருடா. இது வேற” என்றேன் நான்.

“இன்னா வேற? நெத்திலி, கருவாடு. கண்ணு கூட அப்டியே கீது.”

“இதுல எள்ளு கீது பாரு.”

பெஞ்சமின் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டான். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றுதான் இருந்தது. அந்தக் குறுகுறுப்போடு நான்கு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளே அங்கம்மாளுக்கு நியாயம் செய்வது என்று முடிவெடுத்தேன். சுற்றறிக்கையை ரத்து செய்தால் எழுதியவன் முட்டாள் என்றாகிவிடும். ஆகவே திருத்தம் எழுதினேன். ‘எள் தூவப்பட்ட கருவாடு கொரிய உணவாகக் கருதப்பட்டு உணவுக்கூடத்தில் அனுமதிக்கப்படும்.’ மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதிகாரிகள் வரும் நாளில் கேண்டீனிலேயே அதைச் செய்யச் சொல்லி உத்தரவு போட்டார். கேண்டீன் மாஸ்டருக்குக் கருவாடு வறுக்கக் கைவராது. அங்கம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், இன்னும் கேட்டார்கள். அங்கம்மாள் கை ஓயாமல் வறுத்து, தானே பரிமாறினார். அதிகாரிகள் கிளம்பியதும் தன் தூக்குச்சட்டியோடு, உணவுக்கூடத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு வந்து மூடியைத் திறந்து காட்டினார். பழைய சோற்றின் மேல் நாலு நெத்திலி, அதன் மேல் எள்.

“சார், எள்ளு தூவிக்கினு வந்துட்டேன். இங்க குந்தலாமா?”

நான் திருத்தத்தை எடுத்து இரண்டு தரம் படித்தேன். கருவாடு அனுமதிக்கப்படும் என்றுதான் இருந்தது. கொண்டு வருபவர் அமரலாமா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பழைய சுற்றறிக்கையின் அந்தப் பகுதி அப்படியே அமலில் இருந்தது. எழுதியது நான் என்பதால் மீறவும் முடியவில்லை. மேனேஜர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுமதி கருவாட்டுக்குத்தாம்மா. குந்தறதுக்குத் தனியா ஒரு மனு எழுதிக் குடு, குழுவுல வெச்சிப் பேசறோம்.”

அவர் மூடியை மூடிக்கொண்டு பைக் ஸ்டாண்டுக்குப் போனார். பெஞ்சமின் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். போகும்போது என்னைப் பார்த்திருந்தால் நானும் எழுந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அவன் பார்க்கவில்லை.

என் தட்டில் நெத்திலி தீர்ந்துவிட்டது. தீரத் தீரக் கேட்பதுதான் கொரிய முறை என்பதால் தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பரிமாற வேண்டியவர் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.