எல்லாப் படகுக்கும் ஒரே கோப்பு

பயந்தவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. தைரியசாலி ஒரு தப்பைச் செய்துவிட்டுப் போவான். பயந்தவன் அதைக் காப்பி எடுத்துப் பத்திரப்படுத்துவான். நான், கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்புகிற ஜாதி. (அந்த அவசரத்தில் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிடுவேன்.)

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, உப்பளம் கடைத்தெருவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வைத்திக்குப்பத்தில் பெண் எடுத்த புதுசு. மாமனார் ஃபைபர் படகுக்காரர். அப்போதுதான் படகுகளுக்கு ஜி.பி.எஸ். பெட்டி வந்திருந்தது, உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கடலுக்கடியில் பாறை கிடந்து மீன் கூடும் இடத்தைப் 'பாரு' என்பார்கள். அவரவர் பாரு அவரவர் பெட்டிக்குள் ஒரு புள்ளியாக ரகசியம். மாமனார் தன் பாருக்கு மகள் பெயரையே வைத்திருந்தார்: செல்வி. இடம் எங்கே என்று என் மனைவியான அந்தச் செல்விக்கே தெரியாது.

ஒரு புயல் வாரத்தில், உப்புத்தண்ணீர் இறங்கிய பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"மாப்ள, பெட்டி போனாப் போவுது. உள்ள இருக்கறது போச்சுன்னா, நான் கடலுக்குப் போயி காத்து வாங்கிட்டுதான் வரணும்."

அவரைப் பார்த்துக் குப்பத்திலிருந்து இன்னும் நாலைந்து பெட்டிகள் வந்துவிட்டன. அவருடைய அக்கா மகன் குமாரின் பெட்டியும் அதில் ஒன்று.

கழற்றினால் எல்லாம் அழிந்துவிடுமோ? முதல் வேலையாக எல்லாவற்றையும் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெட்டிகளோ வேறு வேறு கம்பெனி. ஒன்றின் கோப்பு இன்னொன்றுக்குப் புரியாது. கோப்பை மாற்றித் தரும் சி.டி. ஒன்றை வாங்கி வந்து போட்டேன். அது ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. 'முன்னதோடு சேர்த்துவிடவா?' என்று கேட்டதாம், பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்தது 'யெஸ்', 'நோ' மட்டும். 'நோ' சொன்னால் கோபித்துக்கொண்டு அழித்துவிடுமோ என்று 'யெஸ்', 'யெஸ்' என்றே அமுக்கினேன். கடைசியில் குப்பமே ஒரு கோப்புக்குள் குடும்பமாக உட்கார்ந்திருந்தது. பெட்டிகளைச் சுத்தம் செய்து, அதையே எல்லாவற்றிலும் இறக்கினேன். எதுவும் தொலையவில்லை என்ற நிம்மதியில் அன்று சோறுகூட இறங்கியது.

கடல் அடங்கிய முதல் நாள், மாமனார் மீன் இல்லாமல், பெட்டியோடு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, மாசி மகத்துக்கு நம்ம குப்பத்துல கூட்டம் பாத்துருக்கீங்கல்ல?"

"பாத்துருக்கேன் மாமா."

"அந்தக் கூட்டம் இன்னிக்கு என் பாரு மேல நின்னுச்சு. சாமி ஒண்ணுதான் வரல. செல்வின்னு பேரப் பாத்ததும் என் பாருன்னு தெரிஞ்சுபோச்சு, எவன் வுடுவான்?"

"அவரு வேணும்னு பண்ணியிருக்க மாட்டாருப்பா" என்றாள் என் மனைவி.

"வேணும்னு பண்றவன் ஒருத்தனுக்குத்தாம்மா காட்டிக் குடுப்பான். இவரு ஊருக்கே இல்ல பந்தி வெச்சிருக்காரு!"

நான் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 'செல்வி'யை ஒட்டினாற்போல இன்னொரு புள்ளி. பெயர் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி உரக்கவே படித்துத் தொலைத்தேன்.

"மா... மா... வுக்குத்... தெரி... யாது."

மாமனார் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது யாரு பெட்டிலேந்து வந்துது?"

"கு... குமாரு பெட்டி, மாமா."

"அடப்பாவி! தெனம் ராவுல அவன் வலை நாறுது, மீனு எங்க புடிச்சேடான்னு கேட்டா எல்லாம் சாமி குடுத்ததுன்னு கும்புடறான்!"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். (குமார் அன்று வாங்கிய அடியெல்லாம் எனக்காகச் சமைத்தது.) வாசல்வரை ஓடிப்போய், "மத்தவங்க பாரையெல்லாம் அழிச்சிடட்டுமா மாமா?" என்றேன்.

திரும்பி வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "மொதல்ல கைய எடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அந்த வருஷம் அவருக்கு நல்ல மீன்பாடு. ஆனாலும் இன்றுவரை நான் உள்ளே நுழைந்தால், கையில் டி.வி. ரிமோட் இருந்தால்கூடத் துண்டால் மூடிவிடுகிறார்.

"தொட்றாதீங்க மாப்ள. குப்பத்துல எல்லா டி.வி.யும் ஓட ஆரம்பிச்சிடும்."