மாப்பிள்ளை கேட்ட கம்ப்யூட்டர்

"இந்தக் கார்டு இல்லாம ஓடாதா பாய்?"

அஹமது கபீர் கொட்டேஷன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அவருடைய கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததிலிருந்து துரைராசு இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடும்ணே. ஆனா கேம் ஓடாது."

"கேம் ஓடாட்டி என்ன? மத்ததெல்லாம் ஓடுமில்ல?"

"கேம் ஆடுற கம்ப்யூட்டர்தான் வேணும்னு நீங்கதானேண்ணே கேட்டீங்க?"

"நானா கேட்டேன்? மாப்பிள்ளை கேட்டாரு!"

மாப்பிள்ளை என்ற சொல்லைச் சொல்லும்போது துரைராசு தன்னையறியாமல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இத்தனைக்கும் மாப்பிள்ளை அப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தார்.

பாவம், துரைராசுவையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே வாய்க்கால் பாய்ந்தால் விளையும், பாயாவிட்டால் வெடிக்கும் நிலம். ஒரே பெண், பிரகதீஸ்வரி. முதலில் வந்த சம்பந்தம் ஃபிரிட்ஜில் முறிந்தது. பிள்ளை வீட்டார் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வேண்டும் என்றார்கள். "ஏன், ஒத்தைக் கதவைத் திறந்து எடுத்தா தயிர் புளிச்சிடுமா?" என்று கேட்டார் துரைராசு. வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அன்றைக்கே அவர் மனைவி தங்கம்மாள் சொல்லிவிட்டாள். "அடுத்த சம்பந்தமும் உங்க கஞ்சத்தனத்தால போச்சுன்னா, நான் புள்ளைய அழைச்சுக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க காசும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க."

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தரகர் பஞ்சநதம் மன்னார்குடி ராஜராஜனைக் கொண்டுவந்தார். பெண் பார்த்தார்கள், பிடித்தது. சீர்ப் பேச்சுக்கு வந்த பிள்ளையின் அம்மா தர்மாம்பாள் வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்:

"பவுனு உங்க இஷ்டம் சம்பந்தி. பைக்கு வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம். ஒரே ஒரு கம்ப்யூட்டர். கேம் ஆடுற மாதிரி."

துரைராசுவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பைக்குக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. பெட்டிதானே, அதில் பாதிக்கு முடிந்துவிடும்! இருபத்தெட்டு வயதுப் பிள்ளை விளையாட்டுச் சாமான் கேட்கிறானே என்று தங்கம்மாள்தான் கொஞ்சம் யோசித்தாள். "குடிக்கறதுக்கு இது தேவல" என்று அவளே சமாதானமும் ஆகிக்கொண்டாள்.

இப்போது தஞ்சாவூர்க் கடையில் கபீரின் கொட்டேஷனைப் பார்த்தால், பைக்கைத் தாண்டிக்கொண்டு நின்றது.

"பாய், நான் ஒண்ணு சொல்றேன். சீர் சாமானை மண்டபத்துல வரிசையா வைப்போம். ஊரு பார்க்கும். வெளியில தெரியறது எது? இந்த டப்பா, இந்த டி.வி. மாதிரி இருக்கறது. அதுங்க ரெண்டும் இருக்கறதுலேயே பெருசாப் போடுங்க. உள்ள இருக்கறதை யாரு திறந்து பார்க்கப் போறா? கார்டை எடுத்துடுங்க. மத்ததெல்லாம் சின்னதாப் போடுங்க."

"அண்ணே, இது கோபுரத்தை மட்டும் கட்டிட்டு உள்ள சாமி வைக்காத மாதிரி."

"கும்பாபிஷேகம் ஆகட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்."

சிவப்பும் நீலமுமாய் விளக்கெரிகிற கேபினட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அன்று சாப்பிட உட்கார்ந்ததும் தன் சாமர்த்தியத்தை மனைவியிடம் விளக்கினார். பிரகதீஸ்வரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கிராஃபிக்ஸ் கார்டாம். அதையே தூக்கிட்டேன். மாப்பிள்ளை சின்னப் பையன், அவருக்கு என்ன தெரியப் போவுது!"

மறுநாள் காலையில் பஞ்சநதத்தின் மொபெட் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, மன்னார்குடியிலேருந்து போனு. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரு எனக்கெதுக்குன்னு மாப்பிள்ளை கேட்டாராம்."

துரைராசுவின் கையில் இருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது.

"நான் கார்டை எடுத்தது சிங்கப்பூருக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"அதை என்னைக் கேட்டா? நான் கல்யாணத் தரகரு. கம்ப்யூட்டர் தரகரா?"

கபீர் பாய்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார் துரைராசு. ஆகவே அவருக்குத் தெரியாமல், மூடப்போகிற ஒரு பிரௌசிங் சென்டரில் பழைய கார்டு ஒன்றை மலிவாகப் பிடித்தார். தூக்கிப் பார்த்தே வாங்கினார். நல்ல கனம். இரண்டு விசிறி வேறு.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கபீரிடமே போனார். போகாமல் என்ன செய்வது, பூட்டுவதற்கு அவர்தானே வேண்டும்.

"அண்ணே, இது இழுக்கிற கரண்டுக்கு நீங்க எடுத்த எஸ்.எம்.பி.எஸ்., அதான் உள்ள கரண்டு குடுக்கிற பெட்டி, தாங்காது. சிங்கிள் பேஸ் லைன்ல அஞ்சு ஹெச்.பி. மோட்டார் போட்ட மாதிரி ஆயிடும்."

"அப்படிச் சொல்லுங்க பாய், இப்பப் புரியுது! அதுக்கு எதுக்குப் புதுசு? என் போர்செட்டு ஸ்டெபிலைசர் கொட்டகையில சும்மாதானே கிடக்கு? கரண்டு எங்க வருது, மோட்டார் எங்க ஓடுது? அதைக் கொண்டாந்து மாட்டிடுவோம்."

கபீர் கண்ணை மூடிக்கொண்டார். தொழுகை நேரமோ என்று துரைராசு மரியாதையாகக் காத்திருந்தார்.

அன்றைய சாப்பாட்டில் பிரௌசிங் சென்டர் கார்டும் ஸ்டெபிலைசர் யோசனையும் பரிமாறப்பட்டன. மறுநாள் மொபெட் வந்தது.

"மாப்பிள்ளை சொன்னாராம். ஸ்டெபிலைசர் வெச்செல்லாம் ஒப்பேத்த வேண்டாமாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸு ஐந்நூறு வாட்ஸு, நல்ல கம்பெனி. பிரௌசிங் சென்டர் கார்டு வேண்டாமாம், அது ஏற்கெனவே சூட்டுல வெந்ததாம்."

துரைராசு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த முறை கபீரையும் சந்தேகப்பட முடியவில்லை. கார்டு எந்தக் கடையில் வாங்கியது என்று அவரிடம் சொல்லவே இல்லையே!

பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரமிப்பாக மாறியது. பிரமிப்பு பெருமையாக மாறுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று.

"சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு தஞ்சாவூர்ல இருக்கிற கார்டு வெந்ததா வேகாததான்னு சொல்றாருய்யா" என்றார் டீக்கடையில். "மாப்பிள்ளைன்னா அப்படி இருக்கணும். மூளை!"

வீட்டில் மகளுக்கும் புத்தி சொன்னார். "கத்துக்க ஆயி. நீயும் பி.எஸ்சி. படிச்சேன்னு பேரு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுப்பா" என்றாள் பிரகதீஸ்வரி. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

அதற்குப் பிறகு துரைராசு எதிர்த்துப் போராடவில்லை. மொபெட் வரும், பஸ் ஏறுவார். பிராசசர் மாறியது. பிராசசர் மாறியதால் மதர்போர்டு மாறியது. மதர்போர்டு மாறியதால் மெமரி மாறியது. மாறாதது அந்த விளக்கெரிகிற கேபினட் ஒன்றுதான். பைக் பணம் தீர்ந்து, அறுவடைக்கு வைத்திருந்ததிலும் கை வைத்தார். வாங்கிய அட்டைப்பெட்டிகளை எல்லாம் உள்ளறையில் அண்டா, குத்துவிளக்கு, தவலைகளோடு அடுக்கி வைத்தார். வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பூட்டுவதாக ஏற்பாடு.

"ஏங்க, அண்டாவுக்கெல்லாம் பேர் வெட்டியாச்சு. இதுங்களுக்கு?" என்று பெட்டிகளைக் காட்டிக் கேட்டாள் தங்கம்மாள்.

நியாயமான கேள்வி. ஒரு டம்ளர் கொடுத்தால்கூடக் கொடுத்தவர் பெயர் வேண்டாமா? துரைராசுவுக்கு உள்ளூர இன்னொரு கவலையும் இருந்தது. பூட்டுகிற இடத்தில் நல்லதை எடுத்துக்கொண்டு மட்டத்தைப் போட்டுவிட்டால்? பெயர் இருந்தால் யார் மாற்ற முடியும்?

எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு ஒரத்தநாட்டுப் பாத்திரக் கடைக்குப் போனார். பேர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு மதர்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கங்க வெட்டறது? இடமே இல்லை. பூராவும் கோடு கோடா இருக்கு."

"அந்தக் கோட்டு மேலேயே வெட்டுங்க. அப்பதான் பளிச்சுன்னு தெரியும்."

மிஷின் சுர்ரென்று பாடியது. மதர்போர்டில் 'துரைராசு தங்கம்மாள் அன்பளிப்பு' என்று முழுதாக வந்தது. கிராஃபிக்ஸ் கார்டில் ஊர்ப் பெயரும் சேர்ந்தது. மெமரியில் இனிஷியல். பிராசசர் சின்னதாக இருந்ததால், 'து' மட்டும்.

நல்ல நாளில், நல்ல நேரத்தில், கபீர் முதல் பெட்டியைத் திறந்தார். மதர்போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே… இது என்னண்ணே?"

"பேரு பாய். சீர் சாமான்ல பேரு இல்லாம எப்படி?"

"இது அண்டா இல்லண்ணே! அந்தக் கோட்டுலதான் கரண்டே ஓடும்."

இருந்தாலும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தார். சுவிட்சைத் தட்டினார். கேபினட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"கரண்டு போயிடுச்சா பாய்?"

"கரண்டு இருக்குண்ணே. கம்ப்யூட்டர்தான் போயிடுச்சு."

"வாரண்டி இருக்கே?"

"இருக்கு. ஆனா கம்பெனிக்காரன் பிரிச்சுப் பார்த்தா உங்க பேரும் அக்கா பேரும்தான் இருக்கு. அவங்ககிட்டயே போயிக் கேளுன்னுடுவான்."

துரைராசு வீடு திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தே தங்கம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். எதற்கென்று அப்புறம்தான் கேட்டாள். அவர் சொல்லி முடிப்பதற்குள், அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம்.

"மதர்போர்டுலயாப்பா வெட்டுனீங்க?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள் பிரகதீஸ்வரி. பிறந்ததிலிருந்து அப்பாவிடம் குரல் உயர்த்தாத பெண். அப்படியே சுவரில் சாய்ந்து விம்மினாள்.

துரைராசு துண்டால் அவள் கண்ணைத் துடைத்தார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று குழந்தை எப்படிப் பயந்து போய்விட்டது! அந்தப் பிள்ளை மேல் இவ்வளவு ஆசையா வைத்திருக்கிறாள்!

"அழாத ஆயி. அப்பா இருக்கேன். உன் கல்யாணம் நிக்காது."

விடிந்ததும் தொழுவத்துக்குப் போனார். கன்றோடு நின்ற கறவை மாட்டின் முதுகைச் சற்று நேரம் தடவிக் கொடுத்தார். அப்புறம் வியாபாரிக்கு ஆள் அனுப்பினார். அந்த மனிதர் பேரம் பேசாமல் விற்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கபீரிடம் போய், "பாய், எல்லாம் புதுசு. மாப்பிள்ளை சொன்னது சொன்னபடி. நான் எதையும் தொட மாட்டேன்" என்றார். தொடவுமில்லை. கபீரே வேனில் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினார்.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. ஊருக்குள் கரண்டு இல்லை. ஆனால் மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தது. அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் சிவப்பும் நீலமுமாக, திருவிழாச் சப்பரம் போல ஜொலித்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் தாம்பூலத்தோடு அதையும் ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துரைராசு புது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துவந்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பக்கத்தில் பிரகதீஸ்வரி தலைகுனிந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு ஆட்டம் போட்டுக் காட்டுங்க. உங்க மூளையைப் பத்தி நான் சொன்னப்ப இந்த ஊரு நம்பல. இப்பப் பார்க்கட்டும்!"

ராஜராஜன் திரையைப் பார்த்தான். கேபினட்டைப் பார்த்தான். மௌஸைக் கையில் எடுத்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது.

"லைட்டெல்லாம் நல்லா எரியுது மாமா" என்றான்.

"அது கிடக்கட்டும், நீங்க ஆடுங்க!"

மாப்பிள்ளை பரிதாபமாகத் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். தர்மாம்பாள் வெற்றிலைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அவனை விடுங்க சம்பந்தி, அவனுக்கு செல்போன்ல பாட்டு வைக்கறதுக்கே நான் வரணும், 'நான் கேட்டா எங்கப்பா ஒரு வயருகூட வாங்கித் தர மாட்டாரு, மாப்பிள்ளை கேட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கத்தை'ன்னு, பொண்ணு பார்த்துட்டுப் போன மறுவாரமே போன் பண்ணி, ஒவ்வொரு சாமான் பேரா எனக்கு மனப்பாடம் பண்ணி வெச்சதே உங்க பொண்ணுதானே!"