நெருப்புக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். என் முதுகு மட்டும் நலமில்லை, அதை விட்டுவிடுங்கள். மாமாவின் நினைவுக் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் நடந்து முடிந்தது. நல்லபடியாக நடந்தது என்று உங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள். லீவு கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்ட உங்களுக்கு நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டியது என் கடமை.

மாமாவைப் பற்றிப் பேச வேண்டியது மூத்த பிள்ளையான நீங்கள். நீங்கள் இல்லாததால் அது என் தலையில் விழுந்தது. என்ன பேசுவது என்று பத்து நாள் யோசித்தேன். கடற்படையிலிருந்து வந்த பிறகும் வீட்டைக் கப்பலாகவே நடத்தியவர், காலை ஐந்து மணிக்கு விசில் ஊதி எழுப்பியவர், தரையை டெக் என்றும் சமையலறையை கேலி என்றும் சொன்னவர். கப்பலில் அதற்கு அதுதான் பெயராம். அத்தை பாவம், கல்யாணமான புதிதில் தன் சமையலைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து அழுதிருக்கிறார். அப்புறம் அந்த ஜெபம்! சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வயது வரிசைப்படி ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இருப்பது ஆறி அவலாகிவிடும். என் முறை வந்தால், "ஆண்டவரே, மின்சார ஆபீசில வேலை பார்க்கிற இந்த மருமகனுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியல. இவர்கிட்ட பொறுமையா இரும், அந்தப் பொறுமையில கொஞ்சம் எனக்கும் தாரும்" என்பார், அதுவும் விருந்தாளிகள் இருக்கும்போது! ஆனால் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது நாலு நாளும் வார்டு வாசலில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பெரிய டாக்டர் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து கேட்டைத் திறக்கச் சொல்ல, இவரும் போய்த் திறந்துவிட்டு, ஒரு சல்யூட்டும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

இதையெல்லாம் எழுதினேன். கப்பலில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் எழுத வேண்டுமே. நாம் யாருமே தோண்டித் துருவிக் கேட்டதில்லை. கேட்டால், "நெருப்புக்குப் பக்கத்துல இருபத்திரண்டு வருஷம். நான் ஒரு நாள் நின்னா கப்பலே நின்னுடும்" என்பார். எஞ்சின்தான் என்று நாமாக முடிவுகட்டிக்கொண்டோம். நானும், "எஞ்சினின் துடிப்போடு தன் இதயத்தின் துடிப்பை இணைத்தவர்" என்று எழுதி, அதை மூன்று தரம் உரக்கப் படித்துப் பார்த்துக் கண்கலங்கியும் போனேன்.

கூட்டத்தில் முன் வரிசையில் அவருடைய கப்பல் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கப்பலில் கொடி அசைத்துச் செய்தி சொன்னவராம். இப்போது காது சரியாகக் கேட்காது. நான் அந்த இதயத் துடிப்பு வரியைப் படித்ததுதான் தாமதம், மற்றவர் எழுந்து நின்றார்.

"தம்பி, மன்னிக்கணும். எஞ்சின்ல இருந்தது நான்."

"என்னடா படிக்கிறாரு?" என்றார் காது கேளாதவர்.

"அவன் எஞ்சின்ல இருந்தானாம்!" என்று எஞ்சின்காரர் அவர் காதில் கத்தினார்.

"யாரு, நம்ம சமையல்காரனா?"

காது கேட்காதவர் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெருமுனை வரைக்கும் போயிருக்கும். அத்தை எழுந்துவிட்டார். "சமையல்காரரா? நாற்பத்தொரு வருஷம்! ஒரு டம்ளர் வெந்நீர் வெச்சுக் குடுத்தது இல்ல இந்த மனுஷன்! வாசப்படியில நின்னு மோந்து பார்த்து, உப்புக் கம்மின்னு சொல்லிட்டுப் போவாரு. ருசிகூடப் பார்க்காம!" இவ்வளவு ஜெபம் பண்ணினவர் பொய் சொல்லியிருப்பாரா என்று போதகரைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு, "பொய்னு சொல்ல முடியாது. அடுப்பும் நெருப்புதானே" என்றார்.

அப்போதுதான் எஞ்சின்காரர் அத்தைக்கு நேராகத் திரும்பிச் சொன்னார். "அம்மா, ஒரு தடவை மூணு நாள் புயல். எங்களால தலையத் தூக்க முடியல. அவன் இடுப்புல கயித்தைச் சுத்தி அடுப்புக் கம்பியில கட்டிக்கிட்டு, ஒரு கையால சட்டியப் பிடிச்சு, சத்தமா ஜெபம் பண்ணிக்கிட்டே நூத்தி எண்பது பேருக்கும் சூடா சாப்பாடு போட்டான். கையெல்லாம் கொப்புளம். சாப்பிட்டதை வாந்தி எடுத்தவனுக்கு மறுபடியும் போட்டான். வீட்டுல ஏண்டா சொல்லலைன்னு ஒரு நாள் கேட்டேன். 'ஊருக்கெல்லாம் நான் எடுத்து வெச்சாச்சு. வீட்டுல எனக்குன்னு ஒருத்தி எடுத்து வைக்கிறா பாரு, அந்தத் தட்டு எனக்கு வேணும். சமைக்கத் தெரியும்னு தெரிஞ்சா அது போயிடும்டா'ன்னான்."

அத்தை மெல்ல உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் மிச்சப் பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே மச்சான், கவலைப்பட்டு ஓடி வர வேண்டாம். ஆனால் கட்டின கணவரே இத்தனை வருஷம் இதை ஒளித்து வைத்திருக்கிறாரே என்று அத்தை மனது உடைந்துதான் இருக்கும். போன் பண்ணும்போது ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லுங்கள். சமையல் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கும் அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும், சீக்கிரமே ஒரு நீண்ட லீவையும் தரட்டும்.

இப்படிக்கு,
பல்பு மாட்டத் தெரியாத உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: தபால்தலை தேடி நான் உள்ளே போன நேரத்தில் அத்தை இந்தக் கடிதத்தை முழுசும் படித்துவிட்டார். தான் சொல்வதையும் சேர்த்து எழுதினால்தான் தபாலில் போடலாமாம். எழுதுகிறேன்.

"மனசு உடைஞ்சேன்னு யார் சொன்னது மாப்பிள்ளை? முந்தானைக்குள்ள சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தேன். கல்யாணமான நாலாம் மாசமே எனக்குத் தெரியும். காய்ச்சல்ல படுத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா குடுத்தனுப்பினாங்கன்னு சூப் கொண்டுவந்தாரு. எட்டிப் பார்த்தா நம்ம வீட்டுப் பெரிய அண்டா நிறைய சூப்! ஒரு நோயாளிக்கு நாற்பது பேர் குடிக்கிற சூப் வைக்கிறவரு வேற என்ன வேலை பார்ப்பாரு?"

"அப்ப கூட்டத்துல ஏன் அத்தை அந்தச் சத்தம் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நம்பி, சாகுற வரைக்கும் எவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சாரு பாவம். நாலு பேர் முன்னாடி அது வீணாப் போகலாமா?"